வடசென்னை செட்டோடு அமெரிக்கன் ரெஸ்டாரண்ட்: கிளம்புவதிலிருந்து பில் கட்டுவது வரை

“மச்சான், எனக்குப் பசியில்ல. நீங்க சாப்பிடுங்க.”

ராயப்பேட்டை பக்கம் ஒரு அமெரிக்கன் ரெஸ்டாரண்டில், மெனு கார்டைப் பிரித்த இரண்டாவது நிமிடத்தில் என் நண்பன் சொன்னது இது. விடியற்காலையிலிருந்து காசிமேட்டில் மீன் கூடை தூக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அவனுக்குப் பசிக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. கார்டின் வலது பக்கத்து எண்களை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான், மூடி வைத்துவிட்டான். லைம் சோடா ஒன்றை வாங்கி, ஸ்ட்ராவால் ஐஸைக் கிளறிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மீதி மூன்று பேருக்கும் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒரு முறை வகுத்துக்கொண்டோம். தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, சௌகார்பேட்டை என்று ஆளுக்கொரு ஏரியாவிலிருந்து மாதம் ஒருமுறை கூடுகிறோம். இப்போது யாரும் பசியில்லை என்று சொல்வதில்லை. அந்த முறையைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. வெளிநாட்டுச் சாப்பாடு நமக்குப் புதிதே கிடையாது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வியாசர்பாடியில் குடியேறி, அத்தோ, மொய்ங்கா, பேஜோ என்ற பர்மிய நூடுல்ஸையும் சிற்றுண்டியையும் நம் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். பர்மா பஜார் பக்கம் நின்றுகொண்டே அத்தோ சாப்பிட்டு, வாழைத்தண்டு சூப் குடித்து வளர்ந்த நாக்கு நம்முடையது. நாச்சோஸைப் பார்த்து அது மிரள வேண்டியதில்லை.

முதல் படி: காசுப் பேச்சை வாசலுக்கு வெளியிலேயே முடியுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

செட்டில் ஒருவரைக் கணக்குப்பிள்ளை ஆக்குங்கள். போவதற்கு இரண்டு நாள் முன்னால், தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். எல்லாரும் அவருக்கு ஜிபேயில் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். யாருக்காவது அந்த மாதம் கை இறுக்கம் என்றால், அதைக் கணக்குப்பிள்ளையிடம் மட்டும் தனியாகச் சொன்னால் போதும். அவர் குரூப்பில் எதுவும் பேசமாட்டார், மீதியைத் தானே சரிக்கட்டுவார், அடுத்த மாதம் அது வேறு யாருக்காவது திரும்பும். எங்கள் செட்டில் இந்த மூன்று வருடத்தில் யார் எப்போது குறைவாகக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

தொகையைப் பேசும்போது வரியையும் சேர்த்தே பேசுங்கள். நான்கு பேர், தலைக்கு 600 என்றால் கையில் 2,400. அதற்காக 2,400 ரூபாய்க்கு ஆர்டர் செய்துவிடக் கூடாது. 2,200 வரை ஆர்டர் செய்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. 110 ரூபாய், மொத்தம் 2,310. மிச்சம் 90 ரூபாய் பரிமாறியவர் கைக்கு. மெனுவைப் பார்த்து ஆர்டர் சொல்லும் வேலையும் கணக்குப்பிள்ளையிடமே இருக்கட்டும். மற்றவர்கள் பெயரை மட்டும் பார்த்து ஆசையைச் சொன்னால் போதும், விலைப் பக்கம் அவர் பார்வையோடு நிற்கட்டும். காசிமேட்டு நண்பன் அடுத்த தடவை வந்தபோது இப்படித்தான் செய்தோம். அன்று விங்ஸில் பாதித் தட்டு அவனுடையது.

இரண்டாவது படி: எந்த மாதிரிக் கடை என்று தெரிந்து போங்கள்

அமெரிக்கச் சாப்பாட்டுக் கடைகளில் இரண்டு வகை நமக்கு முக்கியம். கவுண்டரில் காசு கட்டி, டிரேயில் நாமே எடுத்து வந்து சாப்பிடுவது ஒன்று. கே.எஃப்.சி., மெக்டொனால்ட்ஸ், பர்கர் கிங், சப்வே எல்லாம் இந்த ரகம். இன்னொன்று கேஷுவல் டைனிங். மேஜைக்கு ஆள் வந்து ஆர்டர் எடுப்பார், தட்டில் பரிமாறுவார், கடைசியில் பில் வரும். அதே சமயம் கோட்டு சூட்டு எதுவும் வேண்டாம். ஜீன்ஸும் டிஷர்ட்டும் போதும், சிரித்துச் சத்தமாகப் பேசலாம். சில்லீஸ் மாதிரியான கடைகள் இந்த ரகம். இந்த வழிகாட்டி முழுக்க இரண்டாவது வகைக்கானது.

முதல் வகை நம் ஏரியாவிலேயே கிடைக்கும். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் அண்ணா நகர், ராயப்பேட்டை, நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் என்று போக வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்து இது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் பக்கம் என்றால் நீல வழித்தடத்தில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். அண்ணா நகர் என்றால் சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். பெரம்பூர்க்காரர்களுக்கு ஜெமினி, மயிலாப்பூர் பக்கம் போக 29சி பஸ் இருக்கவே இருக்கிறது.

மூன்றாவது படி: நேரம்

சனி, ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போனால் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். ஞாயிறு மதியம் 12 மணிக்கே போய்விடுங்கள், அல்லது வார நாளில் ஏழு மணிக்குள். நான்கு பேருக்கு மேல் என்றால் போன் போட்டு மேஜை சொல்லி வைப்பது நல்லது. கடைசி மெட்ரோ இரவு 11 மணி சுமாருக்கு. அதை மனதில் வைத்து, 10 மணிக்கு பில் கேட்டுவிட வேண்டும்.

நான்காவது படி: உள்ளே நுழைவது

உள்ளே போனதும் காலியாக இருக்கும் மேஜையில் நாமாகப் போய் உட்கார வேண்டாம். வாசல் பக்கம் ஒருவர் நிற்பார். “நாலு பேர்” என்றால் அவரே கூட்டிப்போய் உட்கார வைப்பார்.

இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என் நண்பர்களில் இருவர் இந்த ஒரு பயத்தாலேயே பல வருடம் இந்தப் பக்கம் வராமல் இருந்தார்கள். பரிமாறுபவர் நம் ஊர்ப் பையனாக இருந்தால் “தம்பி, இது எப்படி இருக்கும்?” என்று நேராகக் கேளுங்கள். மணிப்பூரிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்தவர் என்றால் மெனுவில் விரலை வைத்துக் காட்டினால் போதும். அவரும் பிழைக்க வந்த ஊரில் புது மொழி பேசத் திணறிக்கொண்டிருப்பவர்தான். மரியாதையாகப் பேசினால் அதே மரியாதை திரும்ப வரும்.

உட்கார்ந்ததும் “பாட்டில் வாட்டரா, ரெகுலரா?” என்று கேட்பார்கள். ரெகுலர் என்று சொல்லுங்கள், அதற்குக் காசு கிடையாது. பாட்டில் வாங்கினால் அதில் அச்சடித்த விலைக்கு மேலும் வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் பாட்டில் விலைக்காகச் சண்டை போட்டுப் பயன் இல்லை.

ஐந்தாவது படி: மெனுவைப் படிப்பது

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். பெயர்கள் அப்படி.

பஃபலோ விங்ஸ் என்றால் எருமைக் கறி என்று நினைத்து என் அத்தை மகன் அதைத் தொடாமலே இருந்தான். பஃபலோ என்பது நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஒரு ஊர். அங்கே ஆங்கர் பார் என்ற கடையில் 1964இல் பிறந்ததாகச் சொல்லப்படும் கோழி இறக்கை வறுவல் இது. பொரித்த இறக்கையை மிளகாய், வினிகர் சேர்ந்த சாஸிலும் வெண்ணெயிலும் புரட்டித் தருவார்கள். நம் சிக்கன் 65 காரம் வேறு, இது வேறு. முதல் கடியில் புளிப்புதான் தெரியும், மாங்காய் ஊறுகாய் எண்ணெயைத் தொட்டு நக்கிய மாதிரி. மூன்றாவது துண்டில் உதட்டோரம் எரியத் தொடங்கும், மூக்கில் நீர் கட்டும். அதை அடக்கத்தான் பக்கத்தில் செலரித் தண்டும், வெள்ளையாக ஒரு கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளவும் வைக்கிறார்கள். அந்த வெள்ளை ராஞ்ச் என்றால் மோர், மயோனைஸ், பூண்டு, இலைகள் சேர்ந்தது, எல்லாருக்கும் பிடிக்கும். ப்ளூ சீஸ் என்றால் வாசனை பலமாக இருக்கும், முதல் தடவைக்கு ராஞ்ச் கேளுங்கள்.

ஹாம்பர்கரில் ஹாம் என்ற பன்றிக் கறி கிடையாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த பெயர். அமெரிக்காவில் அது மாட்டுக்கறி. இங்கே பெரும்பாலும் சிக்கன், மட்டன் அல்லது காய்கறி. மாட்டுக்கறி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. மெனுவில் வெறுமனே டெண்டர்லாயின் (மென்மையான இடுப்புப் பக்கத்துக் கறி) என்று இருந்தால் பெரும்பாலும் மாடு அல்லது எருமைதான். புளியந்தோப்பு பீஃப் பிரியாணியில் வளர்ந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். சாப்பிடாதவர் செட்டில் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாச்சோஸ் மெக்சிகோவின் பியெட்ராஸ் நெக்ராஸ் என்ற எல்லை ஊரில் 1940களில் தோன்றியது. டெக்சாஸுக்கும் மெக்சிகோவுக்கும் நடுவில் நடந்த இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் டெக்ஸ்-மெக்ஸ் என்கிறார்கள். அமெரிக்கன் கடை மெனுவில் பாதி அதுவாகவே இருக்கும். மக்காச்சோள சிப்ஸ் மேல் உருகிய சீஸ், பீன்ஸ், ஹாலபீன்யோ மிளகாய். கசடியா என்றால் சப்பாத்தி மாதிரி ரொட்டிக்குள் சீஸும் கறியும் வைத்து மடித்துச் சுட்டது.

பார்பிக்யூ சாஸ் என்று வந்தால் இனிப்பு இருக்கும் என்று தெரிந்து வாங்குங்கள். தக்காளி, வினிகரோடு வெல்லப்பாகு மாதிரி ஒன்று சேரும். மேக் அண்ட் சீஸ் குழைவாக, காரமே இல்லாமல் இருக்கும். நான்கு பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கினால் பாதியிலேயே திகட்டிவிடும், ஒன்று வாங்கிப் பகிர்ந்தால் சுகம்.

இன்னொரு உபாயம். 10 கிளையோ அதற்கு மேலோ இருக்கும் சங்கிலிக் கடைகள் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் கலோரி அளவைப் போட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆரோக்கியத்துக்காக வந்த விதி, ஆனால் தட்டின் அளவை ஊகிக்கவும் உதவும். ஒரே மாதிரி இரண்டு பர்கரில் ஒன்று 500, இன்னொன்று 1,000 என்றால் இரண்டாவதை இரண்டு பேர் பகிரலாம். நாளொன்றுக்குச் சராசரி ஆளுக்கு 2,000 கலோரி என்று அதே மெனுவில் கீழே எழுதியிருக்கும்.

மார்கரிட்டா, மொஹிட்டோ என்று மதுபானப் பெயர் பார்த்துப் பதற வேண்டாம். தமிழ்நாட்டில் தங்கும் அறை இல்லாத தனி உணவகங்களில் பொதுவாக மதுவுக்கு உரிமம் கிடையாது. கிடைப்பது எலுமிச்சை, புதினா, சோடா. ஆளுக்கொன்று வாங்குவதைத் தவிர்த்தால் பட்ஜெட்டில் ஒரு முழுத் தட்டு மிச்சமாகும்.

ஆறாவது படி: யார் எதைச் சாப்பிட மாட்டார்கள்

வடசென்னை செட் என்றால் ஒரே மேஜையில் மண்ணடி பாய் வீட்டுப் பையன், பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆங்கிலோ இந்தியத் தோழி, சௌகார்பேட்டை ஜெயின் நண்பன் எல்லாரும் இருப்பார்கள். இதை ஆர்டர் செய்வதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சாப்பாடு வந்தபின் ஒருவர் தட்டைத் தள்ளி வைப்பது போல் மனசு கஷ்டப்படும் விஷயம் வேறில்லை.

ஹலால் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கறி ஹலாலா, பேக்கன் என்று போட்டிருப்பது சிக்கனா பன்றியா, ஒரே கல்லில்தான் எல்லாம் வாட்டுகிறார்களா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும்.

சைவக்காரர்களுக்குப் பச்சை வட்டக் குறி இருந்தாலும் சிலதைக் கூடுதலாகக் கேட்க வேண்டும். மயோனைஸில் முட்டை உண்டா? சீசர் சாலட் பார்க்க இலையும் ரொட்டித் துண்டுமாக இருக்கும், ஆனால் அதன் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் சேர்ப்பது வழக்கம். வூஸ்டர்ஷையர் சாஸிலும் அந்த மீன் உண்டு. மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். பொரிக்கும் எண்ணெய் தனியா என்றும் கேளுங்கள்.

வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காத ஜெயின் நண்பர்களுக்கு உண்மையில் கஷ்டம்தான். சாஸ் எல்லாம் முன்கூட்டியே கலந்து வைத்தது, பூண்டுப் பொடி இல்லாதது அபூர்வம், பிரெஞ்சு ஃப்ரைஸ் கிழங்கு. எங்கள் நண்பனுக்கு சாஸ் இல்லாத சீஸ் கசடியா சொல்லுவோம், கடைசியில் ஐஸ்கிரீம். முட்டை இல்லாத ஐஸ்கிரீமா என்று கேட்ட பிறகு. அவனுக்காகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிண்ட் தெருவில் கூடுகிறோம்.

ஏழாவது படி: ஆர்டர் செய்யும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். எல்லாம் ஒன்றாக மேஜைக்கு வந்துவிடும், பாதி ஆறிப்போகும். ஆறிய ஃப்ரைஸ் ரப்பர், ஆறிய சீஸ் பிளாஸ்டிக்.

நான்கு பேருக்கு எங்கள் கணக்கு இதுதான். முதலில் விங்ஸ் அல்லது நாச்சோஸ், ஒன்று. நாச்சோஸ் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு உடனே கை வைக்க வேண்டும், சீஸ் இறுகுவதற்குள். பிறகு ஒரு பர்கர், சமையலறையிலேயே இரண்டாக வெட்டித் தரச் சொல்லி. கூட ஒரு பாஸ்தா அல்லது மேக் அண்ட் சீஸ். நடு மேஜைக்கு ஒரு ஃபஹீட்டா.

ஃபஹீட்டாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பகிர்ந்து சாப்பிட இதை விடப் பொருத்தமானது அந்த மெனுவில் கிடையாது. சமையலறைக் கதவு திறக்கும்போதே சத்தம் கேட்கும். மரப்பலகை மேல் காய்ந்த இரும்புத் தட்டு, அதில் நீளநீளமாக வெட்டிய கறி, விளிம்பு கருகிய வெங்காயம், பச்சையும் சிவப்புமாகக் குடைமிளகாய். சொய்யென்று புகை மேஜை முழுக்கப் பரவும், சட்டையில் அந்த வாசனை வீடு வரை வரும். பக்கத்தில் துணிக்குள் சுற்றிச் சூடாக டார்ட்டியா ரொட்டி. நாமே ஒன்றை உள்ளங்கையில் விரித்து, கறியும் வெங்காயமும் வைத்து, மேலே கொஞ்சம் புளித்த கிரீம், தக்காளி சல்சா போட்டுச் சுருட்டிக் கடிக்க வேண்டும். ஒருவர் சுருட்டுவதைப் பார்த்து இன்னொருவர் சுருட்டுவார், ஒருவருடையது பிரிந்து கொட்டும், சிரிப்பு வரும். கூடுதலாக ரொட்டி மட்டும் கேட்டால் சின்னத் தொகைக்குத் தருவார்கள். அதை வாங்கிவிட்டால் ஒரு தட்டு நான்கு பேருக்குக் காணும். இரும்புத் தட்டை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் முடித்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அப்போதும் வயிற்றில் இடம் இருந்தால் ஒரு பிரவுனி, நாலு ஸ்பூன்.

எட்டாவது படி: கையா, முள்கரண்டியா

விங்ஸ், ரிப்ஸ், பர்கர், நாச்சோஸ், ஃபஹீட்டா எல்லாம் அமெரிக்கர்களே கையால் சாப்பிடுவதுதான். பாஸ்தாவுக்கும், தடியாக வெட்டி வாட்டிய கறித்துண்டான ஸ்டேக்குக்கும் மட்டும் முள்கரண்டி. ஸ்டேக் வாங்கினால் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். நம் நாக்குக்கு முதல் தடவை மீடியம் வெல், அதாவது கிட்டத்தட்ட முழுசாக வெந்தது, சரியாக இருக்கும்.

ஒன்பதாவது படி: பில்

பில் வந்ததும் கணக்குப்பிள்ளை வரி வரியாகப் பார்க்க வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வாங்காத பொருள் இருக்கிறதா, எண்ணிக்கை சரியா, பிறகு வரி. மத்திய ஜி.எஸ்.டி. 2.5, மாநில ஜி.எஸ்.டி. 2.5, மொத்தம் 5 சதவீதம். பெரிய நட்சத்திர ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம் வரலாம். அதனால்தான் கடையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால் அங்கே நில்லுங்கள். அது அரசு வரி கிடையாது. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு தடவை எங்களுக்கு 2,400 ரூபாய் சாப்பாட்டுக்கு 10 சதவீதம் அப்படிச் சேர்த்திருந்தார்கள். 240 ரூபாய், அதன் மேலேயும் ஜி.எஸ்.டி. 2,520 வர வேண்டிய இடத்தில் 2,772. கையில் கணக்காகக் கொண்டு போன காசு, ஒரு நிமிடம் எல்லார் முகமும் மாறிவிட்டது. நான் குரலை உயர்த்தவில்லை. “அண்ணா, சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க, டிப்ஸ் நாங்களே கையில தர்றோம்” என்றேன். மேனேஜர் எதுவும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். மாற்ற மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

டிப்ஸ் அமெரிக்காவில் 15 முதல் 20 சதவீதம் வரை கொடுப்பார்கள். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் நாங்கள் கொடுக்காமல் வந்ததில்லை. எங்கள் செட்டிலேயே ஒருவன் ஹோட்டலில் தட்டு எடுத்துத்தான் காலேஜ் முடித்தான். முடிந்தவரை ரொக்கமாக, பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள்.

பத்தாவது படி: திரும்பி வருவது

மிச்சம் இருந்தால் பார்சல் கேளுங்கள், காசு கொடுத்து வாங்கியது. விங்ஸும் பர்கரும் வீட்டில் தவாவில் போட்டுச் சூடு செய்தால் நன்றாகவே இருக்கும், ஃபஹீட்டா கறியை மறுநாள் முட்டை ஊற்றிக் கிளறலாம். நாச்சோஸ் மட்டும் பார்சலுக்கு ஆகாது.

கணக்குப்பிள்ளை கையில் மீதி இருந்தால் ரயிலிலேயே பிரித்துவிட வேண்டும், பத்து ரூபாய் என்றாலும். சென்ட்ரல் தாண்டியதும் எங்கள் செட்டில் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்குவோம். மண்ணடியில் ஒருவன், வண்ணாரப்பேட்டையில் ஒருவன். தண்டையார்பேட்டை கடந்து ரயில் சுரங்கத்திலிருந்து மேலே ஏறுவதற்குள் அடுத்த மாதத் தேதியும், அடுத்த கணக்குப்பிள்ளை யார் என்பதும் முடிவாகியிருக்கும். போன மாதம் அது காசிமேட்டு நண்பன்.